இரட்டை வடைக்கு அடியில் ஓர் ஓட்டை

என் ஆராய்ச்சியை நாலு பேருக்குப் புரியவைக்க நான் பட்ட பாட்டை எழுதினால் அதுவே தனியாக ஓர் ஆய்வேடு ஆகும். கணிதத்தில் நான் பிடித்துக்கொண்டது வளைந்த பரப்புகள். ஒரு பரப்பின் மேல் நூலை வளையமாகப் போட வேண்டும். பரப்பை விட்டுத் தூக்காமல் அதை இழுத்தால் சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியாகிவிடுமா, இல்லை எங்காவது மாட்டிக்கொள்ளுமா என்று பார்க்க வேண்டும். அந்தப் பரப்புக்குக் கனம் கிடையாது, அளவு கிடையாது. எதனால் ஆனது என்று கேட்டால் எதனாலும் ஆனதில்லை. சென்னையில் இருந்தால் இப்படிப் பேசிக்கொண்டு ஒருவேளை காலம் தள்ளிவிடலாம். விருத்தாசலத்தில், அதுவும் பீங்கான் தொழில் செய்கிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு இருந்துகொண்டு பேசுவது லேசான காரியம் இல்லை.

என் கணவர் ஜங்ஷனில் ரயில்வே வேலை பார்க்கிறார். அவருடைய தம்பி, அதாவது என் கொழுந்தனார், ஊருக்கு வெளியே செராமிக் யூனிட் வைத்திருக்கிறார். பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, சிரிக்கும் தாத்தா, கிறிஸ்துமஸ் வந்தால் குடிலுக்கு வேண்டிய மொத்தக் குடும்பமும் கால்நடையும் அங்கே தயாராகும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் அவர் நேராக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். குழம்பு ஊற்றுகிற நேரம் பார்த்துத் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்.

“அண்ணி, நீங்க படிக்கிறீங்களே ஒரு படிப்பு, அது எதுக்கு ஆவும்?”

குத்தலாகக் கேட்பதில்லை, அதுதான் எரிச்சல். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பார். அவர் யூனிட்டில் செய்கிற ஒவ்வொரு உருப்படியும் எதற்காவது ஆகும், ஒன்றுக்கும் ஆகாவிட்டால் டி.வி. மேல் வைக்கவாவது ஆகும். நானும் வாரத்துக்கு ஒரு பதில் சொல்லிப் பார்த்தேன். சாட்டிலைட்டுக்கு ஆகும் என்றேன். செல்போனுக்கு ஆகும் என்றேன். ஒருமுறை வாய் தவறி மூளை ஸ்கேனுக்கு ஆகும் என்று சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறு பக்கத்து வீட்டுக்காரருடைய ஸ்கேன் பிலிமைக் கொண்டுவந்து நீட்டி, “கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க அண்ணி, டாக்டரு ஒண்ணும் வெவரமா சொல்லல” என்றார். அதோடு பதில் சொல்வதை நிறுத்திவிட்டு, குழம்பை மட்டும் ஊற்றினேன்.

கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே பகுதி நேரமாகச் செய்த ஆராய்ச்சி அது. வருஷக்கணக்கில் இழுத்து, கால நீட்டிப்பு வாங்கி, அதையும் நீட்டி, இனி நீட்ட இடமில்லை என்ற நிலைக்கு வந்திருந்தது. ஆய்வுக் குழு கடைசியாகக் கூடியபோது என் பேச்சைப் பொறுமையாகக் கேட்டார்கள். முடிந்ததும் அதே பொறுமையோடு, முதல் பக்கத்திலேயே ஒன்றும் விளங்கவில்லை என்றார்கள். எந்த வளையம் சுருங்கும், எது சுருங்காது என்று கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரு முப்பரிமாணப் படம் போட்டுக் காட்டுங்கள், அடுத்த கூட்டத்தில் புரிந்தால் ஆய்வேட்டைக் கொடுக்கலாம், இல்லாவிட்டால் பதிவு காலாவதியாகிவிடும் என்றார்கள். இத்தனை வருஷ உழைப்பு ஒரு படத்தில் வந்து நின்றது.

எனக்கோ படம் வராது. எனக்கு வேண்டியது இரட்டை வடை. அதாவது இரண்டு மெதுவடையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டினால் வருகிற உருவம், அதன் மேல்தோல் மட்டும். கரும்பலகையில் எப்போது போட்டாலும் அது மூக்குக்கண்ணாடியாகத்தான் வரும். ஒருமுறை வகுப்பில் கொஞ்சம் அகலமாகப் போட்டுவிட்டேன். பின் பெஞ்சில் சிரிப்பு கிளம்பியது. திரும்பிப் பார்த்தால் எனக்கே உள்ளாடை மாதிரிதான் தெரிந்தது. அன்றிலிருந்து சொல்லால்தான் விளக்குவேன்.

ஆக, சாப்ட்வேர் தேட வேண்டியதாயிற்று. இது வரன் பார்ப்பது மாதிரி ஒரு வேலை என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆளாளுக்கு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அவரவர் கொண்டுவந்ததற்கு ஈடாக உலகத்தில் வேறில்லை என்றார்கள். அதில் ஒரு குறை சொன்னால் அவர்கள் குடும்பத்தையே குறை சொன்ன மாதிரி முகம் சுருங்கிப்போனது.

முதலில் என் நெறியாளர் சொன்னது. அவர் பழைய காலத்துப் பேராசிரியர், கறாரானவர். அவருடைய சாப்ட்வேரில் மவுஸுக்கு வேலையே இல்லை. எல்லாவற்றையும் கட்டளையாக எழுத வேண்டும். எழுதிவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் படம் வரும், அல்லது என்ன தப்பு என்று இங்கிலீஷில் திட்டு வரும். “மவுஸைப் பிடிச்சு இழுக்கிறதெல்லாம் கோலம் போடுறதும்மா. கணக்குக்காரி எழுதணும்” என்றார். எழுதினேன். பக்கம் பக்கமாக எழுதினேன். எங்கேயோ ஒரு கமா விட்டுப்போனதற்கு இல்லாத இடத்தையெல்லாம் காட்டித் திட்டியது. கடைசியில் ஒருநாள் திட்டாமல் படம் வந்தது. தண்ணீர் புகுந்த இட்லி மாதிரி ஒன்று திரையில் சாய்ந்து கிடந்தது. அதைத் திருப்ப வேண்டுமென்றால் மறுபடி எழுத வேண்டும். இட்லியை அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்தது எங்கள் கல்லூரி இயற்பியல் சார் கொடுத்தது. தினமும் கம்மாபுரத்திலிருந்து பைக்கில் வருகிறவர், எதற்கும் அவரிடம் ஒரு வழி இருக்கும். “மேடம், சமன்பாட்டைக் குடுங்க, மீதிய அது பாத்துக்கும்” என்றார். என் பரப்புக்குச் சமன்பாடே தேவையில்லை, அதுதான் அதன் பெருமை என்றேன். “அப்ப அது இருக்குதுன்னு எப்படி மேடம் நம்புறது?” என்று கேட்டார். எங்கெங்கோ தேடி ஒரு சமன்பாட்டைப் பிடித்துப் போட்டேன். ஓரமெல்லாம் கரப்பான் அரித்த மாதிரி ஓர் இரட்டை வடை வந்தது, அதுவரைக்கும் சந்தோஷம். ஆனால் காசு கொடுக்காத சோதனைப் பதிப்பு என்பதால் ‘சோதனைப் பதிப்பு’ என்று இங்கிலீஷில் சாம்பல் நிறத்தில் வடைக்குக் குறுக்காக எழுதியிருந்தது. நெறியாளருக்கு அனுப்பினேன். கண்ணாடியை மறந்துவிட்டுப் பார்த்திருக்கிறார் போல. போன் செய்து, “படம் பரவால்ல. குறுக்க ஒரு கோடு போகுதே, அது சுருங்குற வகையா, சுருங்காத வகையா?” என்று கேட்டார்.

மாணவிகள் போனிலேயே வரைகிற ஒன்றைக் காட்டினார்கள். அழகாகத்தான் இருந்தது. விரலால் திருப்பினால் திரும்பியது. ஆனால் நான் போட்ட வளையங்கள் எதுவும் பரப்பில் ஒட்டவில்லை. வழுக்கி வழுக்கி அந்தரத்தில் தொங்கின. நடுநடுவே ரம்மி விளையாடச் சொல்லி விளம்பரம் வேறு. ஆய்வுக் குழு முன்னால் ரம்மி வந்து நின்றால் என்ன ஆவது என்று நினைத்துப் பார்த்தேன், போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கூட்டத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. சோறு இறங்கவில்லை. அந்த ஞாயிறு குழம்பு ஊற்றும்போது என் முகத்தைப் பார்த்த கொழுந்தனார் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. “என்னா அண்ணி, ஒடம்பு சரியில்லையா?” என்றார். படம் வரவில்லை என்றேன். அழுகிற நிலையில்தான் சொன்னேன்.

“படமா? இதுக்கா இப்படி வாடிப் போய்க் கெடக்குறீங்க? நம்ம யூனிட்டுல சிஸ்டம் இருக்குது அண்ணி. நான் தெனமும் பொம்மைக்கு டிசைன் போடுறதே அதுலதான்.”

“அது பொம்மைக்கு, தம்பி. இது கணக்கு.”

“உருவந்தான அண்ணி? வாங்க, போட்டுருவோம்.”

என் கணவர் அதுவரை பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், “அது இலவசந்தான?” என்று மட்டும் கேட்டார். இலவசம்தான் என்று தெரிந்ததும் அவரளவில் விஷயம் முடிவாகிவிட்டது.

அன்று மத்தியானமே யூனிட்டுக்குப் போனோம். அங்கே வேலை நடக்கிற விதத்தை இங்கே சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம். களிமண்ணைக் கூழாகக் கரைத்து, பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுவார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்சும்போது உள்சுவரில் ஒரு தோல் படியும். தோல் போதுமான கனம் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்து வெளியே ஊற்றிவிடுவார்கள். ஊற்றவும் கவிழ்க்கவும் ஓர் ஓட்டை வேண்டும். அந்த ஓட்டையை மூடவும் கூடாது, மூடினால் சூளைச் சூட்டில் உள்ளே இருக்கிற காற்று பொம்மையை வெடிக்க வைத்துவிடும். ஆகவே எங்கள் ஊரில் பிறந்த எந்தப் பொம்மைக்கும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஓர் ஓட்டை உண்டு. பிள்ளையாருக்கு ஆசனத்தில், மாதாவுக்குப் பாதத்தின் கீழ், குடிலில் படுத்திருக்கும் பசுவுக்கு வயிற்றில், இயேசு பாலனுக்கு முதுகில். என் வீட்டு அலமாரி முழுக்க அவைதான். தூசி தட்டும்போது கவிழ்த்துப் பார்த்துப் பழகி, அந்த ஓட்டை எனக்கு ஓட்டையாகவே தெரிவதில்லை.

கீ போர்டுக்கும் சி.பி.யூ.வுக்கும் பாலிதீன் சுற்றி, அதன் மேல் வெள்ளைத் தூசி படிந்த அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் கொழுந்தனார் உட்கார்ந்தார். யூடியூப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டவர், அந்தப் பெருமை கை அசைவிலேயே தெரியும். கார்ட்டூன் படம் எடுக்கிறவர்கள் பயன்படுத்துகிற சாப்ட்வேராம். மவுஸால் பிடித்து இழுத்தால் உருவம் மாவு மாதிரி வந்தது.

“ரெண்டு வடைய ஒட்டணும், அவ்ளோதான?”

“அவ்வளவுதான்.”

டீ வருவதற்குள் ஒட்டிவிட்டார். என் வாழ்க்கையில் முதல்முறையாக, மூக்குக்கண்ணாடியாகவும் இல்லாமல் மற்றதாகவும் இல்லாமல், என் இரட்டை வடை திரையில் கொழுகொழுவென்று நின்றது. எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

“உள்ள காலியா அண்ணி, கெட்டியா?”

“காலி. தோல் மட்டும்தான்.”

“தோலு எவ்ளோ கனம்?”

“கனமே இல்லை.”

“கனமே இல்லாம எப்படி அண்ணி நிக்கும்?”

“நிற்க வேண்டியதில்லை, தம்பி.”

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஏதோ ஒரு கனம் வைத்தார். பிறகு வளையங்கள். வடைத் துளைகளைச் சுற்றிப் போகிற வளையங்களைச் சிவப்பில் போடச் சொன்னேன். அவை மாட்டிக்கொள்பவை, எவ்வளவு இழுத்தாலும் சுருங்காது. அடிப்பக்கத்தில், சும்மா தோல் மேல் கிடக்கிற மாதிரி சின்னதாக ஒரு நீல வளையம். அது தாராளமாகச் சுருங்கி ஒரு புள்ளியாகிவிடும். இந்த வித்தியாசம்தான் என் முதல் பக்கம். அடிப்பக்கத்தைத் தேர்ந்தெடுத்தது என் கெட்ட நேரம். மேல்பக்கத்தில் சிவப்பு நெரிசலாக இருந்தது, அதனால் இடம் மாற்றினேன், வேறு பெரிய யோசனை ஒன்றும் இல்லை.

“சரி அண்ணி, நீங்க வூட்டுக்குப் போங்க. நான் கொஞ்சம் பினிஷிங் பண்ணி வெக்கிறேன்” என்றார்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். நிழல் விழுந்து, பளபளவென்று, அப்போதுதான் சூளையிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது. அவர் அதை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். அடிப்பக்கமும் வந்து போனது. பார்த்தேன், பிரமாதம் என்றேன். அந்த இடத்தைத்தான் நான் இன்றுவரை நம்ப முடியாமல் நினைத்துப் பார்க்கிறேன். கண் திறந்துதான் இருந்தது.

நெறியாளருக்குப் படத்தை அனுப்பினேன். பொம்மை செய்கிற சாப்ட்வேர் என்று சொன்னதும் அவருக்கு மனசு ஆறவில்லை. “தேற்றத்துக்குப் பாலிஷ் எதுக்கும்மா?” என்றார். ஆனால் வேறு படமும் இல்லை, நாளும் இல்லை.

கூட்டம் ஆன்லைனில் நடந்தது. என் லேப்டாப்பில் அந்த பைலைத் திறந்தால் மின்விசிறி அலறுமே தவிர வடை வராது. எனவே யூனிட் கம்ப்யூட்டரிலிருந்தே கலந்துகொண்டேன். எனக்காகக் கொழுந்தனார் அரவை மெஷினை நிறுத்திவைத்தார். வேலை நேரத்தில் அவர் அதை நிறுத்தி நான் பார்த்ததில்லை. எனக்குப் பின்னால் வர்ணம் பூசாத பிள்ளையார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். “பின்னாடி இருக்கிறதை மறைச்சுடும்மா” என்று நெறியாளர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பின்னணியை மங்கலாக்கியிருந்தேன். இருந்தாலும் நான் தலையை அசைக்கும்போதெல்லாம் தோளுக்கு மேல் ஒரு தும்பிக்கை வந்து வந்து போனது.

நன்றாகவே போனது. சிவப்பு வளையங்களைக் காட்டினேன், தலையாட்டினார்கள். சென்ற முறை ஒன்றும் விளங்கவில்லை என்றவரே “இப்ப தெளிவா இருக்கு” என்றார். எனக்கு மூச்சு வந்தது. “நீல வளையம் அடிப்பக்கத்தில் இருக்கிறது, அது சுருங்கிவிடும், ஏனென்றால் அதற்குள் எந்தத் தடையும் இல்லை” என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்த்தேன்.

சென்னையிலிருந்து கலந்துகொண்ட உறுப்பினர் ஓர் அம்மா. அதுவரை ஒன்றும் பேசாதவர், “கொஞ்சம் திருப்புங்களேன், அடிப்பக்கத்தையும் பார்த்துடலாம்” என்றார்.

திருப்பினேன்.

நீல வளையம் வந்தது. அதன் நட்டநடுவில், வளையத்தைவிடச் சற்றே சின்னதாக, ஓரம் மழித்து, சுத்தமாக, கன்னங்கரேலென்று ஓர் ஓட்டை.

வடையின் துளை வேறு, இது வேறு. வடை மேல் நடக்கிற எறும்பு துளை வழியாக அந்தப் பக்கம் போய்த் திரும்பி வரலாம், எங்கும் விழாது. இது தோலிலேயே பொத்தல், எறும்பு நடந்து வந்தால் தொபுக்கென்று உள்ளே விழும். இந்த வளையத்தை இழுத்தால் ஓட்டை விளிம்பில் மாட்டிக்கொள்ளும், ஜென்மத்துக்கும் சுருங்காது. தடையே இல்லை என்று நான் சொன்ன ஒரே இடத்தில் உலகத்திலேயே பெரிய தடையைப் படம் போட்டுக் காட்டிவிட்டேன்.

“இது வேணும்னே வெச்சதா?” என்று அந்த அம்மா கேட்டார்.

நெறியாளரின் முகம் சின்னச் சதுரத்துக்குள் சிவந்தது. எனக்கோ, வருஷங்கள் அத்தனையும் அந்த ஓட்டை வழியாகக் கீழே ஒழுகிப் போவதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. மைக்கை அணைத்துவிட்டுக் கொழுந்தனார் பக்கம் திரும்பினேன். அவர் கதவோரம் கைகட்டி நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரு தம்பி இங்க ஓட்டை போடச் சொன்னது?”

“நீங்கதான அண்ணி?”

“நானா?”

“ஓட்டை எங்க வெக்கணும்னு அடியில வட்டம் போட்டுக் காட்டினீங்களே. நான்கூட நெனைச்சேன், பரவால்லையே, இத்தினி வருஷம் நம்ம வூட்டுல இருந்ததுக்கு அண்ணி தொழிலக் கத்துக்கிட்டாங்கன்னு.”

அணைத்ததாக நான் நினைத்த மைக் அணையவில்லை. அவசரத்தில் கேமராவை அணைக்கப் போய் அதையும் சரியாகச் செய்யாமல், பின்னணி மங்கலை எடுத்துவிட்டிருக்கிறேன். ஆய்வுக் குழு மொத்தமும் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு, பிள்ளையார்களைப் பார்த்துக்கொண்டு இருந்தது.

“அங்க பேசுறது யாரு?” என்று சென்னை அம்மா கேட்டார். “அவர முன்னால வரச் சொல்லுங்க.”

கொழுந்தனார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் குனிந்தார். “வணக்கம் மேடம். ஓட்டை இல்லாம சூளையில வெச்சா வெடிச்சிடும் மேடம். தனியா அது மட்டும் வெடிச்சா பரவால்ல, பக்கத்துல இருக்குற உருப்படி அத்தனையும் போயிடும்.”

“இத சூளையில வைக்கப் போறதில்லையே.”

“வெக்காட்டியும், உள்ள இருக்குற காத்து எங்க மேடம் போவும்?”

“உள்ள காத்து இல்லைங்க.”

“சரி, வேற என்னா இருக்குது?”

“ஒண்ணும் இல்லை. இந்தப் பரப்புக்கு உள்ளேங்கிறதே கிடையாது. தோல் மட்டும்தான் இருக்கு. படம் போடுறதுக்காகத்தான் இப்படிக் கொழுகொழுன்னு காட்டுறோம்.”

கொழுந்தனார் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெதுவாக, உண்மையான கவலையோடு கேட்டார்: “உள்ள ஒண்ணுமே இல்லாததுக்கா அண்ணி இத்தினி வருஷமா கஷ்டப்பட்டீங்க?”

குழுவில் யாரோ சிரித்துவிட்டார்கள். நெறியாளர் கண்களை மூடிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் அழுகையும் கலந்திருந்தது. “ஆமாம் தம்பி, அதுக்குத்தான். இப்ப தயவுசெஞ்சு அந்த ஓட்டைய மூடுங்க” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். வாசலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

என்னை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். ஒருமுறை தயங்கினார், ஓட்டையை மூடுவதற்கு அவர் கை பழகவில்லை. பிறகு மூடினார். தோல் ஒட்டிக்கொண்டது. நீல வளையம் வழவழவென்ற பரப்பின் மேல் தனியாகக் கிடந்தது.

“இப்ப அந்த வளையத்த இழுத்துச் சுருக்க முடியுமா?” என்று அந்த அம்மா கேட்டார்.

மவுஸைப் பிடித்து இழுத்தார். வளையம் பரப்பை விட்டு விலகாமல் சுருங்கியது, மோதிரமானது, கடுகானது, புள்ளியானது. அந்தக் காட்சியை நான் மனசுக்குள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான். என் நெறியாளரின் சாப்ட்வேரில் ஒரு மாசம் எழுதியிருந்தாலும் அது நகர்ந்திருக்காது.

கொழுந்தனார் கையை எடுக்கவில்லை. யாரும் சொல்லாமலே, மூடியதை ரத்து செய்து ஓட்டையைத் திரும்பக் கொண்டுவந்தார். வளையத்தை இழுத்தார். விளிம்பில் போய் நின்றது. ஓட்டையை மூடினார், இழுத்தார், புள்ளியானது. திரும்பவும் ஓட்டை, திரும்பவும் மாட்டல். ஆய்வுக் குழு காத்திருப்பது அவருக்கு மறந்தே போய்விட்டது.

“அப்ப ஓட்டை இருந்தா மாட்டிக்கும்,” என்றார் தனக்குத்தானே. “இல்லாட்டி சுருங்கிடும். பொருளு எதுவா இருந்தாலும். எம்மாம் பெருசா இருந்தாலும்.”

“அதேதாங்க,” என்றார் சென்னை அம்மா. “உங்க அண்ணியோட முதல் பக்கம் அதுதான்.”

ஆய்வேட்டைக் கொடுக்கலாம் என்றார்கள். ஒரு நிபந்தனை, ஓட்டை இல்லாத படத்தையும் ஓட்டை உள்ள படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட வேண்டும், வித்தியாசம் அப்போதுதான் உறைக்கிறது என்றார்கள். கூட்டம் முடிந்ததும் நெறியாளர் போன் செய்தார். “மவுஸ் வெச்சு இழுக்கிற சாப்ட்வேர்தான் சரிப்பட்டு வரும்னு எனக்கு முதல்லயே ஒரு எண்ணம் இருந்தது” என்றார். நான் சரிங்க சார் என்றேன். அன்று யார் எதைச் சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், அவ்வளவு சந்தோஷம்.

அதற்குப் பிறகு கொழுந்தனார் ஞாயிற்றுக்கிழமைக் கேள்வியைக் கேட்பதை விட்டுவிட்டார். குழம்பை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். எனக்கு அது பழைய கேள்வியைவிடச் சங்கடமாக இருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை என்பது தெரிந்துபோனதால் என் மேல் இரக்கப்பட்டு விட்டுவிட்டார் என்றே நினைத்தேன். ஆய்வேடு கொடுத்தாயிற்று, பட்டமும் வரப்போகிறது. ஆனாலும் வீட்டில் ஒருத்தருக்காவது இது என்னவென்று தெரிந்திருந்தால் நன்றாக இருக்கும் என்ற ஆசை எனக்கு எப்போதும் உண்டு. அந்த ஆசையை மட்டும் மூட்டை கட்டி வைத்துவிட்டேன்.

கிறிஸ்துமஸ் ஆர்டர் நேரத்தில் கோயில் குடிலுக்கு இரண்டு ஆட்டுக்குட்டி வாங்க யூனிட்டுக்குப் போனேன். உள்ளே திண்டிவனத்து வியாபாரி ஒருவர் இருந்தார். மேஜை மேல், இயேசு பாலன்களுக்கு நடுவே, வெள்ளையாகப் பளபளத்துக்கொண்டு என் இரட்டை வடை. அச்சு செய்து, ஊற்றி, சுட்டு எடுத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையில் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஓட்டை இல்லை. விரலால் தடவினால்தான் தெரிந்தது, வெந்த பிறகு ஓட்டையை அடைத்து, தேய்த்து, மேலே பூச்சு கொடுத்திருந்தார்.

“இது என்னாங்க, புது அயிட்டமா?” என்று வியாபாரி கேட்டார். “பேனா ஸ்டாண்டா?”

“குடுங்க அண்ணி,” என்று கொழுந்தனார் அதை என் கையிலிருந்து வாங்கினார். சட்டைப் பையிலிருந்து ஒரு நீல நூலை எடுத்தார். நூல் பையிலேயே இருந்ததிலிருந்து, இது முதல் தடவை இல்லை என்று தெரிந்தது. அடிப்பக்கத்தில் வளையமாகப் போட்டு இழுத்தார், சுருங்கி முடிச்சானது. துளையைச் சுற்றிப் போட்டு இழுத்தார், மாட்டிக்கொண்டது. பக்கத்தில் கிடந்த இயேசு பாலனைக் கவிழ்த்து முதுகு ஓட்டையைச் சுற்றிப் போட்டு, அதன் விளிம்பில் நூல் வந்து நிற்பதையும் காட்டினார். அந்த மூன்றாவது உதாரணம் தப்பு. பொம்மையில் வேறு துளை இல்லாததால், நூலை மறுபக்கமாகத் தலை வழியாக உருவிச் சுருக்கிவிடலாம். முதல் இரண்டும் உலகத்துக்குத் தெரிந்து ரொம்பக் காலம் ஆகிறது.

“எங்க அண்ணி கண்டுபுடிச்சது,” என்றார்.

திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். ஆனால் திருத்த மனசு வரவில்லை.

வியாபாரி நூலைத் தானும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்குது. இது எதுக்கு ஆவும்?”

கொழுந்தனார் என் பக்கம் திரும்பவில்லை. பதில் அவரிடமே தயாராக இருந்தது.

“எதுக்கும் ஆவாதுங்க. ஆனா நெசம்.”